பன்னிரண்டு அத்தியாயமாகக் கிளம்பாத பையன்

அன்வர் பாட்சாவின் கதாநாயகனுக்குப் பதினாறு வயது. பெயர் ஆடம். நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தின டெக்சாஸில், நட்டநடுப் பொட்டலில், ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவன். மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போன அண்ணன் திரும்பி வரவில்லை. அவனைத் தேடிக்கொண்டு போக வேண்டும். குதிரை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, வீரத்துக்கும் குறைச்சல் இல்லை. எல்லாம் இருந்தும் பையன் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறான். ஒரு அத்தியாயமா, ரெண்டு அத்தியாயமா? பன்னிரண்டு அத்தியாயம். முழுசாக ரெண்டு வருஷம்.

அன்வர் பாட்சாவுக்கு அதே டெக்சாஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளமே. அப்பேர்ப்பட்ட ஆளுக்குத் தன் கதையில் எங்கே கோளாறு என்று தெரியவில்லை, கூத்தைப் பாருங்கள்.

கதை அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. ரெண்டு மாசத்துக்கு ஒரு இதழ். 2006 சித்திரை மலரில் ஆரம்பம். ஆசிரியர் வெங்கடகிருஷ்ணன், மயிலாப்பூர்க்காரர், பகலில் சிப் டிசைன், சாயங்காலம் பத்திரிகை. முதல் அத்தியாயம் கையில் வந்தபோது மனுஷர் குதியாய்க் குதித்தார். "டெக்சாஸ்ல உக்காந்துண்டு எத்தனை நாளைக்கு ஊர்க் கதையே போடறது பாட்சா? குதிரை, துப்பாக்கி, புழுதி. இதான் நமக்கு வேணும்" என்றார்.

ரெண்டாம் அத்தியாயத்தில் ஆடம் குதிரைக்குச் சேணம் போட்டான். படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் பக்கத்துப் பண்ணைக்குப் போய், "நான் நாளைக்குக் கிளம்புறேன், சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று அந்த வீட்டு அம்மாளிடம் சொன்னான். அந்த அம்மாள் அவனை உட்கார வைத்து வயிறு முட்டச் சாப்பாடு போட்டாள். நான்காம் அத்தியாயத்தில் அடுத்த பண்ணை. ஐந்தில் அதற்கடுத்த பண்ணை. பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே பன்னிரண்டு மைல். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு விதவை, தெற்கே இருக்கிற தன் மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஏழில் இன்னும் ரெண்டு பொட்டலம் சேர்ந்தது. ஒன்பதில் குதிரைக்கு லாடம் கழன்றது. பதினொன்றில் பாதி தூரம் போனவன், அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிக்கொள்ள மறந்துபோனோமே என்று திரும்பி வந்துவிட்டான்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் அன்வர் பாட்சா நினைத்தார். அவர் கூத்தாநல்லூர்க்காரர். சிங்கப்பூர், மலேசியா, சவுதி என்று வீட்டுக்கு ஒருத்தர் சபர் போகிற ஊர். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவன் ஒரு வாரத்துக்கு முன்னாடியே வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "பயணம் சொல்ல வந்தேன் மாமி, துஆ செய்யுங்க" என்று நிற்க வேண்டும். அவர்கள் கொடுக்கிறதைச் சாப்பிட வேண்டும், நீட்டுகிற பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீடு விட்டுப்போச்சோ, தொலைந்தான். முப்பது வருஷம் கழித்து ஏதாவது கல்யாணத்தில் பிரியாணி சாப்பிடும்போதுகூடச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த ஊரில் வளர்ந்தவர் கையில் மாட்டிக்கொண்ட கௌபாய் வேறு என்ன செய்வான்?

"பாட்சா, அவா ஊர் வழக்கமே வேற. எழுந்தான், தொப்பியை மாட்டினான், போனான். அவ்ளோதான் கௌபாய்" என்று வெங்கடகிருஷ்ணன் போனில் மன்றாடிப் பார்த்தார்.

"பெத்தவங்க உசிரோட இருக்காங்க சார். சொல்லாம எப்படிப் போவான்?"

"சரி, சொல்லட்டும். சொல்லிட்டாவது போகலாமில்லையா?"

மேனேஜர் கூப்பிடுகிறார் சார் என்று அன்வர் பாட்சா போனை வைத்துவிட்டார்.

கிளம்புவது என்றாலே அவருக்குக் கை ஓடாது. அதற்குக் காரணம் இருந்தது. 1997 செப்டம்பரில் அவர் அமெரிக்கா கிளம்பியபோது நாற்பத்து மூன்று வீட்டில் பயணம் சொன்னார். கடைசியாக, பெற்ற அத்தாவிடம் வந்தார். அத்தா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். "எப்ப வருவே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரெண்டே வருஷம்த்தா. வந்துடுவேன்" என்றார் இவர். பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார்.

ரெண்டு வருஷத்தில் மனைவி ஹபீஸாவும் எட்டு வயசு மகள் மலீஹாவும் இங்கே வந்து சேர்ந்தார்களே தவிர, இவர் போகவில்லை. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிய கம்பெனியை இழுத்து மூடினார்கள். வேறு கம்பெனி, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இந்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் 2002 மார்ச் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலையில், அத்தா மௌத்து என்று தம்பி போன் பண்ணினார்.

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. ஊருக்குப் போனால் மெட்ராஸில் புதுசாக ஸ்டாம்பிங் வாங்கித்தான் திரும்ப முடியும். நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஆறு மாசமே ஆன அந்தச் சமயத்தில் அன்வர், அப்துல் என்று பேர் வைத்த ஆண்களுக்கு அது எத்தனை மாசம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. "போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். போனா எப்ப வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் வக்கீல். வேலை போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்வர் பாட்சா ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து, தம்பி தூக்கிப் பிடித்த செல்போன் வழியாக, அடக்கத்துக்கு முந்தின ஜனாஸாத் தொழுகையைக் கேட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மீட்டிங்கில் உட்கார்ந்தார்.

நாற்பது நாள் கழித்து லாத்தா, அதாவது அவருடைய அக்கா, பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். அத்தா ஒவ்வொரு பெருநாளும் நாள்காட்டியைப் பார்த்து, "அன்வர் ரெண்டு வருஷம்னான், மூணாச்சு", "அன்வர் ரெண்டு வருஷம்னான், நாலாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். லாத்தா குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு அன்வர் பாட்சாவுக்கு வந்தது வெறும் துக்கம் இல்லை, வெட்கம். துக்கம் மெள்ள மெள்ளத் தணிந்தது, வெட்கம் அப்படியே கிடந்தது. 2007இல் கிரீன் கார்டு வந்து, ஊருக்குப் போய், அத்தாவை அடக்கிய கபுருக்குப் பக்கத்தில் நின்றபோதும் அது போகவில்லை. இந்த ரெண்டு வருஷக் கணக்கை அவர் மகளிடம் சொன்னதே இல்லை.

மகள் விஷயத்துக்கு வருவோம். 2008இல் மலீஹாவுக்குப் பதினேழு முடியப் போகிறது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். தமிழ் ஒரு எழுத்து விடாமல் புரியும், படிக்கத் தெரியாது, பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சனிக்கிழமை காலையானால் ஜார்ஜ்டவுன் பக்கம் ஒரு குதிரை லாயத்துக்குப் போய் லத்தி அள்ளிவிட்டு, அதே ஷூவோடு காரில் ஏறுவாள். ஹபீஸா காருக்குள் பழைய பெட்ஷீட்டை விரித்து வைத்திருந்தாள். அத்தாவின் தொடரை அத்தாவே வாசித்துக் காட்டினால் மலீஹா முழுசாகக் கேட்பாள். கேட்டுவிட்டு ஒரே விஷயத்தில்தான் குறை சொல்லுவாள். ரெண்டு வருஷமாகச் சேணத்தைக் கழற்றாமல் வைத்திருந்தால் குதிரைக்கு முதுகு புண்ணாகிவிடும் என்பாள்.

அவளுக்குக் கால்நடைப் படிப்புத்தான் வேண்டும். அந்த மார்ச்சில் ரெண்டு இடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்று ஆஸ்டினில், வீட்டிலிருந்து அரை மணி நேரம். இன்னொன்று மேற்கே அமரில்லோ பக்கம், எட்டு மணி நேர டிரைவ். அவள் கேட்ட படிப்பு அங்கேதான் இருந்தது. மே ஒண்ணாந்தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லிவிட வேண்டும்.

"பாக்கலாம்" என்றார் அன்வர் பாட்சா.

தமிழ் அப்பன் சொல்கிற பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? முதல் வாரம், அங்கே ஹலால் கறி கிடைக்குமா என்று விசாரித்தார். மலீஹா கடை முகவரியையே எடுத்துக் காட்டினாள். ரெண்டாம் வாரம், அங்கே புழுதிப் புயல் அடிக்குமாமே என்றார். மூன்றாம் வாரம், தமிழ்க் குடும்பம் யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிக்கொண்டு வந்து வைக்க வைக்க, இவர் அடுத்ததை எடுத்தார். நான்காம் வாரம் அவள் பதில் தேடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சே எழவில்லை. அன்வர் பாட்சா, அப்பாடா, ஒரு வழியாக மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தார். இந்தப் பெரிய மனுஷரை என்னவென்று சொல்வது.

ஹபீஸா டேகேரில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்கப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை நிறையத்தான். அவளுக்கே ஒரு நாள் தாங்கவில்லை.

"ஏங்க, உங்க கதையில இருக்குற புள்ளையும் கிளம்பக் கூடாது, நம்ம புள்ளையும் கிளம்பக் கூடாது. அப்படித்தானே?"

"அது கதை. இது புள்ள."

"ரெண்டுக்கும் வழியில குறுக்கே நிக்கிற ஆளு ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் வெங்கடகிருஷ்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மன்றாடவில்லை. "பாட்சா, இந்த இதழோட கெடு. பையன் கிளம்பினா தொடர் இருக்கும். இல்லேன்னா அந்தப் பக்கத்துல சமையல் குறிப்பு போட்டுடறேன். சிடார் பார்க்ல மாப்பிள்ளையாத்துக்கு வந்திருக்காளே, புஷ்பவல்லி ஆன்ட்டி, அவா என்ன மெயில் போட்டிருக்கா தெரியுமா? அந்தக் குதிரைக்குத் தண்ணியாவது காட்டச் சொல்லுங்கோன்னு எழுதியிருக்கா" என்றார்.

அன்வர் பாட்சாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இன்றைக்கு இவனைக் கிளப்பாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு வரி. நான்காவது வரியில் ஆடமின் தாய், "இருப்பா, ரொட்டி சுட்டுத் தர்றேன்" என்றாள். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

லாயத்திலிருந்து வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே மலீஹா எதிரே உட்கார்ந்தாள். ஹபீஸா சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நான்கு வரியையும் வாசித்துக் காட்டினார். மலீஹா துவட்டுவதை நிறுத்தினாள். பிறகு, நான் சொல்கிறேன், நீங்கள் டைப் பண்ணுங்கள் என்றாள். அவள் சொன்னதெல்லாம் இங்கிலீஷில்தான். படிக்கிறவர்களுக்காக இங்கே தமிழில்.

"இன்னும் விடியல. ஆடம் எழுந்துக்கறான். பூட்ஸைக் கையில எடுத்துக்கறான், வீட்டுக்குள்ள போட்டுக்கல."

அன்வர் பாட்சா டைப் அடித்தார். நன்றாக இருந்தது. இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று நினைத்தார். "ஏன் போட்டுக்கல?"

"சத்தம் கேட்டு அவன் அத்தா முழிச்சுக்குவார்."

"முழிச்சா என்ன? கட்டியா போடப் போறாரு?"

"கட்டிப் போட மாட்டார். திட்டவும் மாட்டார். சும்மா பாப்பார். அவர் பாத்தா இவனால போக முடியாது."

அன்வர் பாட்சாவின் விரல் நின்றது. பிறகு அதையும் டைப் அடித்தார். "அவங்க அம்மாகிட்டயாவது சொன்னானா?"

"அம்மாவுக்குத் தெரியும்."

சிங்க்கில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஹபீஸா பாத்திரம் தேய்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள். அன்வர் பாட்சா அவள் முதுகைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த முதுகு சொல்லுகிறது புரியாமல் இருக்குமா? ஆனாலும் லேப்டாப்பை மூடவில்லை. கதையிலேயே நின்று கேட்டார்.

"எப்ப முடிவு பண்ணான், ஆடம்?"

"ரெண்டு வாரம் ஆச்சு. சம்மதக் கடிதத்துல அம்மா கையெழுத்துப் போட்டாங்க."

"அத்தாவுக்கு எப்ப சொல்லுவான்?"

மலீஹா, "இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருக்கான்" என்றாள்.

ஹபீஸா குழாயை மூடினாள். அன்வர் பாட்சாவுக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் கையில் பிடித்த துண்டைத் திருகிக்கொண்டு, தலையிலிருந்து மேஜையில் தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரியாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோயிருந்தாள். தன்னைப் பார்த்து மகள் பயப்படுகிறாள் என்று தெரிந்ததும் வாயில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சின்ன வயசில் நாயைப் பார்த்தால்கூடப் பயப்படாத பெண்.

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்: "மாசம் ஒரு தடவை வந்துடுவேன் அத்தா. நிச்சயமா. லாங் வீக்கெண்டெல்லாம் இங்கதான் இருப்பேன். பெருநாளைக்குக் கண்டிப்பா வருவேன். படிப்பு முடிஞ்சதும் நேரா இங்க..."

"அதச் சொல்லாதம்மா" என்றார் அன்வர் பாட்சா.

மலீஹாவுக்குப் புரியவில்லை.

"போ. நல்லாப் படி. எந்த ஊர்ல வேணாலும் படி. ஆனா வந்துடுவேன்னு மட்டும் எனக்குச் சொல்லாத." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் எங்கத்தாகிட்ட ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தேன். அவரு அதைப் பிடிச்சிக்கிட்டு நாலரை வருஷம் எண்ணிக்கிட்டே இருந்தாரு. எண்ணிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. நான் அந்த வார்த்தையைச் சொல்லாம வந்திருந்தா, அவரும் நிம்மதியா இருந்திருப்பாரு, எனக்கும் இப்படி இருந்திருக்காது. நீ எனக்கு வாக்குக் குடுத்துட்டு, வர முடியாம எங்கயாவது உக்காந்து அழக் கூடாது. புரியுதா? முடிஞ்சா வா. முடியலைன்னா போன் பண்ணு. நான் நாள் எண்ண மாட்டேன்."

மலீஹா எழுந்து வந்து, ஈரத் தலையோடு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் சட்டை நனைந்தது. ஹபீஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீ போடட்டுமா என்று கேட்டாள். அவளிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதைச் சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அன்வர் பாட்சா நினைத்தார். போடவே இல்லை.

அந்த அத்தியாயம் வந்தது. ஆடம் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனான். வெங்கடகிருஷ்ணன் போன் பண்ணி, "பாட்சா, கடைசியில ஒரு வழியா எழுதிட்டேள்" என்றார். எழுதியது நானில்லை சார் என்று இவர் சொன்னதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் அமரில்லோ பக்கம் போய், சாமான்களை ஹாஸ்டல் அறையில் இறக்கிவிட்டு, ரெண்டு பேராகத் திரும்பினார்கள். எட்டு மணி நேரமும் அன்வர் பாட்சாதான் டிரைவ் பண்ணினார். செப்டம்பரில் அவள் வரவில்லை. நோன்பு முப்பதும் முடிந்து, பெருநாள் வாரத்தின் நடுவில் வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "அதுக்கென்னம்மா, பரீட்சையை நல்லா எழுது" என்றார். போனை வைத்துவிட்டுப் பெருநாள் பிரியாணியை ரெண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார். அக்டோபரிலும் வரவில்லை.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், யாரோ சிநேகிதியின் காரில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள், முழங்கையில் ஏதோ மாடு உதைத்த தழும்பு இருந்தது. பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஹபீஸா அவளைக் கட்டிக்கொண்டு, "எத்தனை நாளாச்சு புள்ள உன்னைப் பாத்து" என்றாள்.

"தொண்ணூத்தஞ்சு" என்றார் அன்வர் பாட்சா.